அரை வாட்டுக்கு எவ்வளவு தூரம்?

சட்டைப் பைக்குள் அடங்குகிற ஹாம் ரேடியோ ஒன்றை வெளியே எடுத்தால், பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது எவ்ளோ தூரம் பேசும்?" அடுத்தது: "செல்போன் இருக்கும்போது இது எதுக்கு?" எங்க சுரண்டையில் டீக்கடை வாசலில் நின்றாலும் சரி, ஆபீசில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் காட்டினாலும் சரி, இந்த ரெண்டு கேள்வி வராமல் இருந்ததில்லை. ரெண்டுக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் பூகோளம், கொஞ்சம் சட்டம் எல்லாம் வேணும். அதற்குத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் எந்த மாதிரி ரேடியோவைச் சொல்கிறேன் என்று தெளிவாக்கிவிடுகிறேன். போலீஸ்காரர்கள் இடுப்பில் தொங்குகிற வாக்கி-டாக்கி 5 வாட் வகை. அதைவிடச் சின்னதாக ஒரு ஜாதி உண்டு. அலின்கோ கம்பெனியின் டி.ஜே-சி5 கிரெடிட் கார்டு அளவுதான், 300 மில்லிவாட். ஐகாம் கியூ7 ரெண்டு பென்டார்ச் செல்லில் ஓடும், 350 மில்லிவாட். யாயெசு வி.எக்ஸ்-3 கொஞ்சம் பெரியது. 47 மி.மீ அகலம், 81 மி.மீ உயரம், எடை 130 கிராம், சக்தி 1.5 வாட். இவை எல்லாம் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் ஆகிய ரெண்டு பட்டைகளில் பேசுகிறவை. இந்தியாவில் அமெச்சூர்களுக்கு ஒதுக்கியிருக்கிற பட்டைகள் அவைதான். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இந்தக் கட்டுரை முழுக்க அரை வாட் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அரை வாட் குறைச்சலா?

அரை வாட் என்றதும் சிரிப்பு வரும். வீட்டில் எரிகிற சின்ன எல்.ஈ.டி பல்பே 5 வாட், 9 வாட். ஆனா ஒரு விஷயம் பாருங்க. உங்க கையில் இருக்கிற 4ஜி செல்போன் அதிகபட்சமாக வெளியே விடுகிற சக்தி சுமார் 0.2 வாட்தான். அதை வைத்துக்கொண்டுதான் துபாயில் இருக்கிற மச்சானோடு பேசுகிறோம். அப்படியென்றால் தூரம் எங்கிருந்து வருகிறது? செல்போன் பேசுவது துபாய் வரைக்கும் இல்லை. ஊர் எல்லையில் நிற்கிற டவர் வரைக்கும்தான். அங்கிருந்து கேபிள், கடலடிக் கேபிள், மறுபடி ஒரு டவர். செல்போனின் தூரம் செல்போனுக்குச் சொந்தமானது இல்லை. இரவல் வாங்கியது.

குட்டி ரேடியோவுக்கு அந்த இரவல் கிடையாது. இங்கிருந்து அங்கே நேராகப் போக வேண்டும். அதனால்தான் அதன் தூரத்தை வாட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, நாம நிக்கிற இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். விற்கிற அட்டைப் பெட்டியில் "10 கி.மீ", "20 கி.மீ" என்று அச்சடித்திருப்பதற்கு அர்த்தமே இல்லை.

கோபுரக் கணக்கு

இந்த அலைவரிசைகளில் ரேடியோ அலை கிட்டத்தட்ட வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால் ஒரு தூரத்துக்கு மேல் தரையே மறைத்துவிடும். காற்று மண்டலம் அலையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைப்பதால் கண்ணுக்குத் தெரிகிற அடிவானத்தைவிடச் சற்றுக் கூடுதலாகப் போகும். இதற்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கு: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12 ஆல் பெருக்கினால் அதன் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். பேசுகிற ரெண்டு பேருக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். தரையில் நிற்கிற ஆளின் கையில் ரேடியோ 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். அவருடைய அடிவானம் 5 கி.மீ. ரெண்டு பேரும் தரையில் நின்றால் 10 கி.மீ. இது நடுவில் ஒரு தென்னை மரம்கூட இல்லாத பொட்டல் காட்டுக் கணக்கு. வீடும் தோப்பும் உள்ள ஊருக்குள் ஒன்றிரண்டு கி.மீ கிடைத்தாலே நல்லது.

ஒருவர் மாடி வீட்டு மொட்டை மாடிக்குப் போகிறார், உயரம் 9 மீட்டர் என்று வைப்போம். அவருடைய அடிவானம் 12 கி.மீ ஆகிவிடும். தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுரம் சுமார் 180 அடி, அதாவது 55 மீட்டர். அந்த உயரத்தில் ஒரு ஆன்டெனா இருப்பதாகக் கற்பனை செய்தால் 30 கி.மீ. தென்காசியிலிருந்து சுரண்டை இருபது கி.மீ.க்குள் என்பதால் எங்க ஊர்த் தெருவில் நிற்கிற குட்டி ரேடியோவும் அதற்குள் வந்துவிடும். பண்பொழி திருமலைக் கோயில் இன்னும் நல்ல உதாரணம். அறுநூற்றுச் சொச்சம் படி ஏறி மேலே நின்றால் சமவெளியைவிட நூறு மீட்டருக்கும் மேல் உயரம். 100 மீட்டர் என்றே வைத்தாலும் அடிவானம் 41 கி.மீ. அங்கிருந்து சுரண்டை நேர்கோட்டில் சுமார் 20 கி.மீ.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இதைச் சூத்திரம் இல்லாமலே புரிய வைக்கலாம். எங்கிருந்து பார்த்தால் கோபுரம் தெரிகிறதோ, அங்கிருந்து கோபுரத்தில் நிற்கிறவரோடு பேசலாம். அவ்வளவுதான்.

கொடைக்கானல் பண்பலையைத் தென்மாவட்டங்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். 100.5 மெகாஹெர்ட்ஸ், 10 கிலோவாட் நிலையம். பத்தாயிரம் வாட் என்பதால்தான் அது அவ்வளவு தூரம் கேட்கிறது என்று நினைப்போம். அது பாதி உண்மை. கொடைக்கானல் ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல். நம்ம சூத்திரத்தில் போட்டால் அடிவானம் ஏறத்தாழ 190 கி.மீ வருகிறது. அதே பத்தாயிரம் வாட்டை மதுரைத் தரையில் சின்னக் கம்பத்தில் வைத்திருந்தால் அந்தக் கதையே வேறு.

அப்போ வாட் எதற்கு?

நியாயமான கேள்வி. பாதை திறந்திருந்தால் அரை வாட் எவ்வளவு தாராளம் என்பதைப் பார்ப்போம்.

ஒரு சாதாரணக் கை ரேடியோ ஆன்டெனா முனையில் 0.16 மைக்ரோவோல்ட் வந்தாலே பேச்சைப் புரியும்படி கொடுத்துவிடும். ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மறைப்பே இல்லாத பாதையில், 145 மெகாஹெர்ட்ஸில், அரை வாட் 100 கி.மீ தாண்டிப் போனால் மறுமுனையில் சுமார் 8 மைக்ரோவோல்ட் கிடைக்கும் என்று கணக்கு சொல்கிறது. தேவையைப்போல் 50 மடங்கு! குட்டி ஆன்டெனாக்கள் மோசமானவை. ரெண்டு பக்கமும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு வீணாகிறது என்று வைத்தால்கூட 0.8 மைக்ரோவோல்ட் மிஞ்சும், அதுவும் ஐந்து மடங்கு.

இப்போ 5 வாட் ரேடியோ வாங்கினால் என்ன லாபம்? சக்தி 10 மடங்கு. திறந்தவெளியில் தூரம் சுமார் 3 மடங்கு. ஆனால் திறந்தவெளி அடிவானத்தோடு முடிந்துவிடுவதால் அந்த மூன்று மடங்கு பெரும்பாலும் பயன்படாது. வாட் உதவுகிற இடம் வேறு. கட்டடத்துக்குள், தோப்புக்குள், ஒரு மேட்டுக்குச் சற்றுப் பின்னால், இப்படிப் பாதை அரைகுறையாக அடைபட்ட இடங்களில் 5 வாட் கேட்கும், அரை வாட் கரகரக்கும். அங்கே குட்டி ரேடியோக்காரருக்கு ஒரே வழி பத்தடி நகர்ந்து நிற்பதுதான். பல நேரம் அந்தப் பத்தடியே போதும்.

மேற்கே ஒரு சுவர்

"தம்பி, இது கேரளா வரை கேக்குமா?" என்று ஒரு அண்ணாச்சி கேட்டார். "கேக்காது அண்ணாச்சி, மலை மறைக்கும்" என்றேன். "செங்கோட்டைக் கணவாய் வழியா காத்து வருதுல்லா, அது மாதிரி இது போவாதா?" நல்ல கேள்வி. எங்க பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுவதே அந்தக் கணவாய்க் காற்றில்தான்.

ஆனால் காற்று வளைந்து நெளிந்து வரும், 145 மெகாஹெர்ட்ஸ் அலை அப்படி வராது. சுரண்டையிலிருந்து புனலூர் நேர்கோட்டில் 60 கி.மீ.க்குள்தான். நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. மலை விளிம்பில் பட்டு அலை கொஞ்சம் மடங்கி மறுபக்கம் இறங்குவது உண்டு. அப்படி இறங்குவது மிகச் சொற்பம், அரை வாட்டில் அதை எதிர்பார்க்க முடியாது. கிழக்குப் பக்கம் நிலைமை தலைகீழ். ஆலங்குளம், சங்கரன்கோவில் என்று சமவெளி விரிந்து கிடக்கிறது. உயரமான இடம் ஒன்று கிடைத்தால் போதும்.

குற்றாலத்தில் இது இன்னும் கண்கூடு. திரிகூடமலைச் சரிவில் கிழக்கே பார்த்த ஒரு திறந்த இடத்தில் நின்றால் சமவெளி முழுக்க உங்களுக்குச் சொந்தம். அங்கேயிருந்து ஐந்தருவிப் பக்கமோ பழைய குற்றாலப் பக்கமோ மலை மடிப்புக்குள் போய்விட்டால் நாலு கி.மீ தள்ளி இருக்கிறவருக்குக்கூடக் கேட்காமல் போகலாம். ஒரே ரேடியோ, ஒரே பேட்டரிதான்.

சென்னையைவிடப் பக்கத்தில்

சுரண்டையிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 550 கி.மீ. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு நேர் மேலே போகும்போது சுமார் 400 கி.மீ. சென்னையைவிட அது நமக்குப் பக்கம். அதோடு நடுவில் பூமியின் வளைவு இல்லை, மலை இல்லை, தென்னந்தோப்பு இல்லை. அரை வாட்டில் சென்னையோடு நேரடியாகப் பேச முடியாது. விண்வெளி நிலையத்தைத் தொட முடியும்!

நிலையத்தில் அமெச்சூர்களுக்கென்றே ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. 2020 முதல் இயங்குகிறது. 145.990 மெகாஹெர்ட்ஸில் 67 ஹெர்ட்ஸ் டோனோடு பேசினால் 437.800 மெகாஹெர்ட்ஸில் திருப்பி ஒலிபரப்பும். மேலே சொன்ன கணக்கிலேயே போட்டால் 400 கி.மீ.க்கு 2 மைக்ரோவோல்ட், நம்ம ஆன்டெனா மோசம் என்று கழித்தாலும் தேவையைப்போல் நாலு மடங்கு. ஆனால் இதில் சிரமங்களும் உண்டு. நிலையம் நம் வானத்தில் சுமார் பத்து நிமிடம்தான் இருக்கும். அடிவானத்தில் இருக்கும்போது தூரம் 2,000 கி.மீ.யைத் தாண்டும். அது வேகமாக வந்து விலகுவதால் கேட்கிற அலைவரிசை 10 கிலோஹெர்ட்ஸ் வரை மேலும் கீழும் நகரும், கூடவே திருகிக்கொண்டிருக்க வேண்டும். நம்மைவிடப் பெரிய ஆன்டெனா, பெரிய சக்தி வைத்திருக்கிறவர்கள் அதே நேரத்தில் கூப்பிட்டால் நம்ம குரல் அமுங்கிவிடும். கேட்பது எளிது, பேசி முடிப்பதற்குப் பொறுமை வேணும்.

சின்ன சக்தியின் எல்லை எங்கே இருக்கு என்று பார்க்க எஸ்.ஓ-50 நல்ல உதாரணம். 2002 டிசம்பரில் ஏவப்பட்ட சவூதி செயற்கைக்கோள் அது. அதன் டிரான்ஸ்மிட்டர் வெறும் 250 மில்லிவாட், நம்ம பாக்கெட் ரேடியோவைவிடக் குறைச்சல். 436.795 மெகாஹெர்ட்ஸில், ஆயிரம் கி.மீ தூரத்திலிருந்து அது தரும் சிக்னல், சாதாரண ரேடியோ கேட்கிற எல்லையின் விளிம்பில் வந்து நிற்கும். ரேடியோவோடு வருகிற கட்டை ஆன்டெனாவில் இரைச்சல்தான் மிஞ்சும். பழைய டி.வி ஆன்டெனா மாதிரி சின்னதாக ஒரு யாகி செய்து கையில் பிடித்துத் திருப்பினால் குரல் தெளிவாக வரும்.

நம்ம நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி-சி6 ராக்கெட்டில் கார்ட்டோசாட்-1 உடன் ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளையும் இஸ்ரோ ஏவியது. முழுக்க முழுக்க அமெச்சூர்களுக்கானது. 2014 ஜூலை வரை உழைத்தது. அது ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் பேசுவதற்கானது என்பதால் குட்டி எஃப்.எம் ரேடியோக்களுக்கு ஏற்றது இல்லை.

இன்னொரு சந்தேகம் வரும். 2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்து ஹாம் ரேடியோவில் பேசினார்களே, அது எப்படி? ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு, பாரதி பிரசாத் தலைமையில், வேறு ஒரு நிகழ்ச்சிக்காக அப்போது போர்ட் பிளேரில் இருந்தது. டிசம்பர் 26 அன்று தொடர்புகள் அறுந்தபோது அவர்களுடைய நிலையம்தான் தீவுக்கும் பெருநிலத்துக்கும் பாலமாக இருந்தது. அவர்கள் பயன்படுத்தியது சிற்றலை. அந்த அலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கடல் தாண்டி இறங்கும். 145 மெகாஹெர்ட்ஸ் அப்படித் திரும்பாது, அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். நம்ம குட்டி ரேடியோ சென்னைக்குக் கேட்காததற்கும் விண்வெளி நிலையத்துக்குக் கேட்பதற்கும் காரணம் ஒன்றேதான்.

டிசம்பர் 2023

இப்போ ரெண்டாவது கேள்விக்கு வருவோம். செல்போன் இருக்கும்போது இது எதற்கு?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ மழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் பல இடங்களில் மின்சாரம் போனது, செல்போன் சேவையும் முடங்கியது. வெளியூரில் இருந்த பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு ரெண்டு நாளாக அடித்து அடித்துப் பார்த்தது நம்ம பக்கத்துக்காரர்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். செல்போன் டவருக்கு மின்சாரம் வேணும், பேட்டரி தீர்ந்தால் டீசல் வேணும், வெளியே போகிற கேபிள் அறுபடாமல் இருக்கணும். இதில் ஒன்று போனாலும் கையில் இருக்கிற போன் டார்ச் லைட்தான்.

ரெண்டு ரேடியோவுக்கு நடுவில் இவை எதுவும் தேவையில்லை. ஆனா இதையே பெரிதாகப் பேசி ஏமாற வேண்டாம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பாளையங்கோட்டை நேர்கோட்டில் 30 கி.மீ.க்குள். தரையில் நிற்கிற ரெண்டு குட்டி ரேடியோக்களால் அதைத் தாண்ட முடியாது. ஒரு முனையில் 60 மீட்டர் உயரத்தில் ஆள் இருந்தால் 37 கி.மீ வரை கணக்கு ஒத்துவரும். அல்லது நடுவில் ஒருவர் நின்று கேட்டுக் கேட்டுச் சொல்ல வேண்டும். அந்த உயரமான இடம் எது, அங்கே யார் போவார், எந்த அலைவரிசை, எத்தனை மணிக்குக் கேட்பது என்பதெல்லாம் மழை வருவதற்கு முன்பே முடிவாகியிருந்தால்தான் உதவும். வெள்ளம் வந்த பிறகு அட்டைப் பெட்டியைப் பிரிக்கிற ரேடியோ யாரையும் காப்பாற்றாது.

வாங்குவதற்கு முன்

இணையக் கடைகளில் ஜாமெட்ரி பாக்ஸ் மாதிரி வாக்கி-டாக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று தோன்றும். அப்படி இல்லை. உரிமம் இல்லாமல் இப்படிப்பட்ட ரேடியோவை வைத்திருப்பதே 1933 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து குற்றம். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அனுமதி தேவை. பேசாம சும்மா வீட்டில் வைத்திருக்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது. 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகள் பலவற்றுக்கு நோட்டீஸ் அனுப்பி, வாக்கி-டாக்கி விற்பனைக்கு விதிமுறைகளும் கொண்டுவந்தது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் பேசுகிற, உரிய ஒப்புதல் பெற்ற சின்ன வகைகளுக்கு உரிமம் வேண்டாம். தோட்டத்திலும் கல்யாண வீட்டிலும் பேசிக்கொள்ள அதுவே போதும்.

ஹாம் ஆவதும் பெரிய மலை இல்லை. 12 வயது நிரம்பியிருந்தால் தேர்வு எழுதலாம். ரெண்டு நிலை உண்டு. கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை, அடிப்படை மின்னணுவியலும் விதிகளும் மட்டும்தான். அவர்களுக்கு வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறி. பொது நிலைக்கு மோர்ஸும் உண்டு, அழைப்புக் குறி வி.யு.2. விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளம் வழியாக. பேசும்போது அழைப்புக் குறி சொல்ல வேண்டும். வியாபாரப் பேச்சு, ரகசிய மொழி, பாட்டுப் போடுவது எல்லாம் தடை.

உரிமம் வந்து குட்டி ரேடியோவும் கைக்கு வந்த பிறகு செய்ய வேண்டிய முதல் காரியம், 49 செ.மீ நீளத்தில் ஒரு மெல்லிய வயர் வெட்டுவது. 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கு நீளம் ஏறத்தாழ அதுதான். ஆன்டெனாவுக்கு மறுபாதியாக ரேடியோவின் உலோக உடம்பு வேலை செய்ய வேண்டும். இந்தக் குட்டிகளுக்கு அந்த உடம்பே இல்லை, நம்ம கைதான் அந்த வேலையை அரைகுறையாகப் பார்க்கிறது. ஆன்டெனா திருகுகிற இடத்தின் வெளி வளையத்தோடு வயரைச் சேர்த்து வால் மாதிரி கீழே தொங்கவிட்டால் அந்தக் குறை நன்றாகவே தீரும். ரேடியோவை இடுப்பில் வைத்துப் பேசாமல் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடியுங்கள். உடம்பு நிறைய அலையைக் குடித்துவிடும்.

ரெண்டாவது காரியம், ஒரு நோட்டில் ஊரைச் சுற்றி எங்கெங்கிருந்து யாருக்குக் கேட்டது என்று எழுதி வைப்பது. எந்த மாடி, எந்த மேடு, எந்தக் குளக்கரை, எந்தப் பாலம் என்று ஊர்ப் பெயரோடு. ஒரு வருஷம் எழுதினால் கையில் ஒரு வரைபடம் இருக்கும், அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. தென்காசி மாவட்டத்தில் பத்துப் பேர் அப்படி எழுதி, வாரம் ஒரு நாள் ஒரு குறித்த நேரத்தில் பேசிப் பழகியிருந்தால், அடுத்த பெருமழைக்கு அந்த அரை வாட் உதவும்.